பேட்டரி நிரபராதி

வயர்லெஸ் காலிங் பெல் ராத்திரி பதினொன்றரைக்கு, வாசலில் ஆளே இல்லாமல், குயில் குரலில் கூவினால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் யாரிடம் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி, “பேட்டரியை மாத்திப் பார்த்தீங்களா?” சரி, அதை முதலில் முடித்துவிடுவோம். நாம் பேட்டரியைக் கழற்றுவோம், உள்ளங்கையில் உருட்டுவோம், லுங்கி முனையில் துடைப்போம், மொட்டைமாடி வெயிலில் காயப்போடுவோம், கடிகாரத்தில் இருப்பதை ரிமோட்டுக்கும், ரிமோட்டில் இருப்பதைக் கடிகாரத்துக்கும் மாற்றிப் போட்டு ஜாதகப் பொருத்தம் பார்ப்போம், அப்புறம் முதுகில் ரெண்டு தட்டு. பெல் பட்டனுக்குள் பெரும்பாலும் இருப்பது சுண்டுவிரலில் பாதி நீளமுள்ள 12 வோல்ட் பேட்டரி. வீட்டில் வேறெதிலும் அது சேராது, தெருமுனைக் கடையிலும் கிடைக்காது. ஆகவே அதற்கும் உருட்டல்தான். அடிக்காத பெல்லுக்குச் செய்கிற வைத்தியத்தை ஓயாமல் அடிக்கிற பெல்லுக்குச் செய்கிறோமே என்று யாருக்கும் உறைப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், கழற்றியதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விஷயம் அன்றைக்கே தெரிந்துவிடும். பட்டனில் பேட்டரி இல்லாதபோதும் பெல் அடித்தால், அழுத்துவது வேறு பட்டன். நாமோ அரை நிமிஷத்தில் திரும்பப் போட்டுவிட்டு, “இப்ப சரியாயிடும்” என்கிறோம்.

“மழைத்தண்ணி இறங்கியிருக்கும்” என்பார்கள். இறங்கும்தான், பட்டனுக்குள் ஈரம் போனால் யாரும் தொடாமலே சிக்னல் போகும். ஆனால் அந்தப் பெல், பட்டனின் பேட்டரியைக் கழற்றியதும் வாயை மூட வேண்டுமே. மூடாதவற்றின் கதை வேறு. இந்த மலிவான பெல்களில் நிறைய 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. கார் சாவி, கேட் ரிமோட் என்று பலதும் பேசுவது அங்கேதான். கூட்டத்தில் தன் பட்டனை அடையாளம் காண பெல்லுக்கு இருப்பது ஒரு கோடு, அதாவது அடையாள எண். பழைய மாடல்களில் எட்டு ஜம்பர்; மாற்றி மாற்றிப் போட்டால் 256 கோடு வரும். யார் மாற்றினார்கள்? தொழிற்சாலையில் வைத்தபடியே உங்கள் வீட்டிலும் இருக்கிறது, எதிர் பிளாட்டிலும் இருக்கிறது. புது மாடல்களில் 20 பிட் கோடு, பத்து லட்சத்துக்கு மேல் வரும். அதிலும், பெல்லுக்கு நம் பட்டனைக் கற்றுக்கொடுக்கும் அந்தச் சில நொடிகளில் பக்கத்து வீட்டுக்காரர் பட்டனை அழுத்தினால், அவரையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிடும். அட்டைப்பெட்டியில் ‘52 டியூன்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் கோடு பற்றி ஒரு வரி போடுவதில்லை. ‘100 மீட்டர் ரேஞ்ச்’ என்று மட்டும் போடுவார்கள், நாமும் கூடுதல் காசு கொடுத்து வாங்குவோம். அடுக்குமாடியில் பாதியைச் சுவர்கள் குடித்தாலும் மிச்ச ரேஞ்சுக்குள் எத்தனை வாசல் வரும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

“பேசாமல் பழைய ஒயர் பெல்லே மாட்டிக்கொள்ளலாமே?” மாட்டலாம். “இதோ வந்துட்டேன் சார்” என்ற எலக்ட்ரீஷியன் வரட்டும். “பேட்டரியே இல்லாத பெல் வந்திருக்கே?” வந்திருக்கிறது, அழுத்துகிற வேகத்திலேயே உள்ளே காந்தமும் சுருளும் சேர்ந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் மாடிக்காரர் அழுத்தினாலும் எடுத்துக்கொள்ளும். அப்போது உருட்டுவதற்குக்கூட நம் கையில் ஒன்றும் இருக்காது.