பாங்காக் பயணத் திட்டத்தின் முப்பொருள் இலக்கணம்

ஆய்வுச் சிக்கல்

முதன்முறையாக பாங்காக் கிளம்பும் குடும்பம் மூன்று இரவு, நான்கு பகலுக்குத் தீட்டும் பயணத் திட்டத்தைத் தனி இலக்கிய வகையாகக் கொள்ள எல்லா நியாயமும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் பிறந்து, அண்ணியின் திருத்தங்களோடு வளர்ந்து, ஏ4 தாளில் அச்சாகும் அந்தப் பட்டியலில் கற்பனை, உயர்வு நவிற்சி, அவலம் எல்லாம் குறைவின்றி அமைந்திருக்கின்றன. நிறைவேறுவதுதான் அபூர்வம்.

இலக்கியம் இருந்தால் இலக்கணமும் வேண்டும். அகப்பாடல்களுக்குத் தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்ற முப்பொருளையே இக்கட்டுரை அளவுகோலாகக் கொள்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, பறை, தொழில் முதலியவை கருப்பொருள். மாந்தர் நெஞ்சில் நிகழ்வது உரிப்பொருள். பாட்டில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்பது பழைய முறை. பாங்காக்கில் இம்முறை தலைகீழாகிறது. நிலத்தையும் பொழுதையும் கவனிக்காதவருக்கு மற்ற இரண்டும் வாய்ப்பதில்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

1. முதற்பொருள்: நிலம்

1782-இல் முதலாம் ராமா மன்னர், சாவோ பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியில் இருந்த தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அந்த முடிவின் பலனை இன்று அனுபவிப்பவர், சுகும்விட் சாலையில் அறை எடுத்திருக்கும் பயணி. அரண்மனை, வாட் போ, வாட் அருண் எனப் பட்டியலின் முதல் மூன்று பெயர்களும் பழைய நகரத்தை ஒட்டிய ஆற்று வளைவில் நெருங்கி நிற்கின்றன. பெரிய கடைவளாகங்களும் அவர் தங்கும் ஹோட்டலும் பல கிலோமீட்டர் கிழக்கே இருக்கின்றன. 1999-இல் ஓடத் தொடங்கிய பிடிஎஸ் பறக்கும் ரயில் பழைய நகரத்தின் பக்கமே வரவில்லை. எம்ஆர்டி சுரங்க ரயில் சனம் சாய் நிலையம் வரை நீண்டது 2019-இல்தான். அதற்கு முன்பு போய்வந்த சித்தப்பா, "படகை விட்டா வேற வழியே இல்ல" என்று அடித்துச் சொல்வார். அவர் காலத்துக்கு அது ஏறக்குறைய சரி.

நகரின் பரப்பு 1,568 சதுர கிலோமீட்டர். 426 சதுர கிலோமீட்டர் உள்ள சென்னை மாநகராட்சியை மூன்று தடவை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். வரைபடத்தில் விரலால் அளப்பவருக்கு இது தெரிவதில்லை.

விமான நிலையமும் இரண்டு: 1914-இலிருந்து இருக்கும் தோன் முவாங் வடக்கே, 2006-இல் திறந்த சுவர்ணபூமி கிழக்கே. மலிவான டிக்கெட்டைத் தேடியவர் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டிவரும். இதை அவர் அறிவது பெரும்பாலும் டாக்சிக்காரர் "எந்த ஏர்போர்ட்?" என்று கேட்கும்போதுதான்.

சாலை நெரிசலுக்கு மாற்று, சேன் சேப் கால்வாய்ப் படகு. மூன்றாம் ராமா காலத்தில், 1837-இல் படை போக்குவரத்துக்காக வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. இன்று அலுவலகம் போவோரின் பேருந்துத் தடம்போல் இயங்குகிறது. படகு முழுதாக நிற்பதற்குள் ஏறிவிட வேண்டும். ஓரத்தில் உட்காருபவருக்கு ஒரு கடமை உண்டு: எதிர்ப் படகு வரும்போது கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்த வேண்டும். தவறினால் கால்வாய்த் தண்ணீர் பின்வரிசை முகங்களில் தெறிக்கும். தலைக்கவசம் போட்ட நடத்துநர் படகின் வெளிவிளிம்பிலேயே நடந்து கட்டணம் வாங்குகிறார். தாழ்ந்த பாலங்களைக் கண்டபின் அந்தத் தலைக்கவசத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

2. முதற்பொருள்: பொழுது

பெரும்பொழுது மூன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, தாய்லாந்துக்காரர்கள் குளிர்காலம் என்றும் சென்னைக்காரர்கள் "பரவாயில்லை" என்றும் சொல்லும் காலம். பிறகு மே நடு வரை கோடை. அதன்பின் அக்டோபர் வரை மழை. பள்ளி விடுமுறையை நம்பித் திட்டமிடும் குடும்பம் தவறாமல் இரண்டாவதில் போய் விழுகிறது. அதிலும் ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டு. தெருவில் நடப்பவர் யாரானாலும் நனைக்கப்படுவார். பையிலுள்ள பாஸ்போர்ட்டுக்கும் சலுகை கிடையாது.

சிறுபொழுதுதான் சிக்கலானது. சென்னையிலிருந்து பறக்கும் நேரம் ஏறக்குறைய மூன்றரை மணி. தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி முந்தி ஓடுகிறது. நள்ளிரவில் கிளம்பினால் விடியும்போது இறங்கிவிடலாம், "ஒரு நாள் லாபம்" என்று திட்டமிடுபவர் கணக்குப் போடுகிறார். ஹோட்டல் அறையோ பொதுவாகப் பிற்பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும். தூங்காத குழந்தையும் பல் துலக்காத பெரியவர்களும் வரவேற்பறைச் சோபாவில் சாய்ந்திருக்கும் அந்த நேரத்துக்கு அட்டவணையில் கட்டமே இருப்பதில்லை.

மேலும் அரண்மனையில் டிக்கெட் விற்பனை மாலை 3.30-க்கு முடிகிறது. தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. பதினைந்தாயிரம் கடைகள் என்று பேர்போன சட்டுசாக் சந்தை முழுவீச்சில் நடப்பது சனி, ஞாயிறு மட்டுமே. திங்கள் இறங்கி வியாழன் கிளம்பும் குடும்பத்தின் பட்டியலில் சட்டுசாக் இடம்பெற்றால், அதை உயர்வு நவிற்சியாகக் கொள்க.

3. கருப்பொருள்

தெய்வம்: எரவான் சன்னதியின் நான்முகன். பக்கத்தில் ஹோட்டல் கட்டும்போது அடுத்தடுத்து இடையூறுகள் நேர, பரிகாரமாக 1956-இல் நிறுவப்பட்டவர். இந்தியாவில் கோயில் அரிதான பிரம்மாவுக்கு இங்கே செண்டுமல்லி மாலை குவிகிறது. வேண்டுதல் பலித்தவர்கள் நடனக்காரிகளுக்குக் காசு கொடுத்து ஆடவைக்கிறார்கள். சீலோம் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கும் வரிசையில் நிற்போரில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களே.

உணவு: மரக்கறிக்காரருக்கு மீன் சாறு ஒரு மறைபொருள், காய்கறிப் பொரியலிலும் அது இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துள்ள "ஜே" கடைகளே காப்பு. அங்கே மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை.

விலங்கு: லும்பினி பூங்காவின் நீர் உடும்பு. ஆள் நீளம் வளரும். குழந்தைகள் இதை நினைவில் வைத்திருப்பார்கள், அரண்மனையை அல்ல.

பறை: காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஒலிபெருக்கியில் எழும் தேசிய கீதம். லும்பினியில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் அந்தந்த இடத்தில் அப்படியே நிற்பார்கள். காரணம் தெரியாமல் நடுவில் நடந்துபோகும் ஒரே குடும்பம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

தொழில்: அரண்மனை வாசலுக்குச் சற்று முன்னால், பளிச்சென்ற சட்டையில் ஒருவர் நின்று, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று வருத்தத்தோடு சொல்வது. பிறகு மிகக் குறைந்த கட்டணத்தில் ஒரு டுக்டுக் வரும்; அது ரத்தினக் கடையில்தான் போய் நிற்கும். முழங்கால் தெரிய வந்தவர்களுக்கு யானைப் படம் போட்ட தொளதொள கால்சட்டை விற்பது இதன் கிளைத்தொழில். இது நேர்மையானது, பயனுள்ளதும்கூட.

4. உரிப்பொருள்

மூன்று இரவுப் பயணத்தின் உரிப்பொருள் ஊடல். நிகழிடம் ரயில் மாறும் நிலையம்.

"ஏங்க, மேப்புல சுகும்விட்னு போட்டிருக்கு, அங்க இறங்கணும்."

"நாம ஏறின ரயில்ல அப்படி ஒரு ஸ்டேஷனே இல்ல. அசோக்னுதான் இருக்கு."

இருவர் கூற்றும் மெய். ஒரே சந்திப்பில் பறக்கும் ரயில் நிலையத்துக்கு அசோக் என்றும், சுரங்க ரயில் நிலையத்துக்குச் சுகும்விட் என்றும் பெயர். சலா தேங்கும் சீலோமும், மோ சித்தும் சட்டுசாக் பூங்காவும் இவ்வாறே. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் தடங்கள் என்பதால் ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. தோழியோ பாணனோ இல்லாத இச்சூழலில், எதிரிலுள்ள செவன் இலெவனின் குளிர்சாதனமே ஊடல் தீர்க்கும் வாயில் ஆகிறது.

5. பரிந்துரைகள்

அரை நாளுக்கு ஒரு நிலம் என்று கொண்டால் திட்டம் பிழைக்கும். காலை 8.30-க்கு அரண்மனை, அங்கிருந்து நடந்தே வாட் போ, 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தர், தா தியன் துறையிலிருந்து அக்கரைக்குப் படகு, வாட் அருண். மூன்றும் ஒரே நிலம், ஒரே வெயில். இறங்கிய நாளின் மாலைக்கு லும்பினி போதும். சட்டுசாக் வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சனிக்கிழமையைப் பிடிக்க வேண்டும். தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அதைப் பாலை எனப் பிரித்து, அடுத்த பயணத்துக்கு ஒதுக்குவதே முறை.

துரியன் பழம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஹோட்டல்கள் அதை உள்ளே விடுவதில்லை. மாமனாரோ ஒன்றையாவது அறைக்குக் கொண்டுவந்தே தீருவதென்று இருக்கிறார். இந்த முரண் குறித்துத் தனிக் கட்டுரை எழுத இடமுண்டு.