பிழை பொறுத்தருள்க

சிறுவர்களுக்கு எழுதக் கற்பிப்பதைக் காட்டிலும், எழுதியதை அவர்களையே மறுபடி வாசிக்கச் செய்வது பன்மடங்கு பிரயாசையான காரியம் என்பதை ஆரம்பப் பாடசாலையில் உத்தியோகம் பார்த்தவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்வார்கள். வியாசத்தின் கடைசி எழுத்தை எழுதிய மாத்திரத்தில் நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டுவிட்டு, ஜன்னல் வழியே மாமரத்தில் கண் வைக்கிற நான்காம் வகுப்புப் பிள்ளையிடம், “ஒரு தரம் படித்துப் பார்த்தாயா அப்பா?” என்று கேட்டால், “நான்தானே சார் எழுதினேன், எனக்குத் தெரியாதா?” என்கிறான். இந்த ஆட்சேபத்துக்குத் தக்க சமாதானம் எந்தப் போதனாமுறைப் புத்தகத்திலும் எனக்கு அகப்படவில்லை.

பழியில் பாதி சிலேட்டைச் சாரும். கோவையிலையைக் கசக்கி ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பிழையும் மறைந்து, பிழை செய்தவனும் பரிசுத்தனாகிவிடுகிற அந்தப் பலகையில் தவறுகளுக்குச் சரித்திரம் கிடையாது. மூன்றாம் வகுப்பில் நோட்டு கைக்கு வந்த பிறகுதான், எழுதியது எழுதியபடியே இருந்து சாட்சி சொல்லும் என்ற பயங்கர உண்மை பிள்ளைகளுக்குப் புலப்படுகிறது.

“அம்மா சந்தைக்குப் போனால். கத்தரிக்காய் வாங்கினால். வீட்டுக்கு வந்தால்.” என்று ஒரு பையன் எழுதியிருந்தான். போனால் என்ன ஆகும், வாங்கினால் என்ன நேரும் என்று பக்கம் முடியுமட்டும் காத்திருந்தும் யாதொன்றும் சம்பவிக்கவில்லை. அவனையே உரக்க வாசிக்கச் சொன்னேன். போனாள், வாங்கினாள், வந்தாள் என்று ளகரம் கணீரென்று ஒலிக்க வாசித்துவிட்டு, ‘இதில் என்ன குறை?’ என்பது போல் என்னைப் பார்த்தான். தாயார் போய்த் திரும்பியதைக் கண்ணாரக் கண்டவனாதலால், அவன் வாசித்தது தன் ஞாபகத்தையே அன்றிக் காகிதத்தை அன்று.

ஆகவே நோட்டுகளை மாற்றிக் கொடுத்தேன். பிறர் குற்றம் காணும் சக்தி மனுஷ ஜன்மத்தில் எட்டு வயதுக்குள்ளாகவே பூரண வளர்ச்சி அடைந்துவிடுகிறது என்பதை அன்று கண்டேன். பிழையாயிருந்தவற்றோடு சரியாயிருந்தவற்றையும் அடித்துத் தள்ளிவிட்டு, இன்னும் ஒரு நோட்டுக் கிடைக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்த உற்சாகத்தைச் சொந்த நோட்டின்மேல் திருப்பிவிட இரண்டு உபாயங்கள் ஓரளவு பலித்தன. பிழையைச் சுழிக்காமல், அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வைத்து, “கண்டுபிடி” என்று விட்டுவிடுவது ஒன்று. கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக வாசிக்கச் செய்வது மற்றொன்று. கீழிருந்து மேலே போகும்போது கதை கூட வராததால், எழுத்து எழுத்தாகவே கண்ணுக்குப் படுகிறது.

எழுத்துப் பிழை அகன்றாலும் வியாசம் தேறிவிடுவதில்லை. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்திருக்கிறார். அவற்றுள் கூறியது கூறல் ஒன்றுக்கே எங்கள் வகுப்பில் உதாரணங்கள் மலிந்து கிடந்தன. “பசு பால் தரும் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாயே, ஒன்றை எடுத்துவிடலாமே” என்றதற்கு, “காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கறக்கும் சார்” என்று ஒரு சிறுமி விடை பகர்ந்தாள். முனிவர் வீட்டில் மாடு இருந்ததில்லை போலும்!

ஐந்தாம் வகுப்புக்கு உற்சாகமூட்டும் பொருட்டு, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன், புள்ளியில்லாத மெய்யும் குறில் நெடில் பேதம் தெரியாத எகர ஒகரமும் மலிந்த ஏடுகளோடு உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டை ஒரு நாள் விஸ்தாரமாகச் சொன்னேன். ஏடெழுதியவர்களில் சிலர் முடிவில் பிழை பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்வதுண்டு என்பதையும் பேச்சுவாக்கில் சேர்த்தேன். சாமிநாதையருடைய உழைப்பு எவர் மனத்திலும் தங்கவில்லை. ஏடெழுதியவர்களுடைய யுக்தி மாத்திரம் வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. மறுவாரம் வியாசத்துக்கு வியாசம் அடியில் மன்னிப்பு. அவற்றுள் ஒன்றில் “பிழை பொருத்தருள்க” என்று இருந்ததால், ஓரத்தில் புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மேலுள்ள வரிகளையெல்லாம் துருவிப் பார்த்துவிட்டு வந்த பையன், “இது மன்னிப்பு சார், இதிலுமா பிழை பார்ப்பீர்கள்?” என்றான்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அச்சுக்கூடத்திலிருந்து கல்யாணப் பத்திரிகையின் புரூப் வந்தால், பெரியவர்கள் கையெழுத்திடுமுன் தயைசெய்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தரம் காட்டுங்கள். பிறர் எழுத்தில் அவன் கண் தப்பாது. அவனுடைய வியாசத்தை மட்டும் நீங்கள் திருத்தி அனுப்பாதீர்கள். உங்கள் பிழைகளையும் சேர்த்துத் திருத்த எனக்கு அவகாசம் இல்லை.