டீசல் மூடிக்குப் பூட்டு போட்டவன்

இருபத்தாறு வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தினேன். காற்றழுத்தப் பாடம் வந்தால் பழைய எண்ணெய் டின் ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, இறக்கி, மூடியை இறுக்கி, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றுவேன். டின் முறுக்கிக்கொண்டு நசுங்கும். பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள். பென்னாகரம் பக்கம் என்னிடம் படித்தவர்கள் பாடத்தை மறந்திருப்பார்கள், டின்னை மறந்திருக்க மாட்டார்கள். மறந்தது நான்தான்.

ஓய்வு பெற்ற பணத்தில் பழைய ஹிட்டாச்சி ஒன்று வாங்கினேன். எங்கள் பக்கத்தில் செயின் போட்ட மண் தோண்டும் வண்டி எந்தக் கம்பெனியானாலும் ஹிட்டாச்சி. சக்கரம் வைத்தது எல்லாம் ஜேசிபி. என்னுடையது வேறு ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், அதன்மேல் குற்றமில்லை. ஹவர் மீட்டர் 7,200 மணி காட்டியது. நம்பினேன். மீட்டர் கம்பியைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது என்கிற ரகசியத்தைப் பணம் கொடுத்த பிறகு டீக்கடையில் இலவசமாகச் சொன்னார்கள். பழைய வண்டி வாங்குகிறவன் செயின் பின் தேய்ந்திருக்கிறதா, பல் சக்கரம் கூராகியிருக்கிறதா, பூம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நான் பெயின்ட் பார்த்தேன். நல்ல மஞ்சள்.

வண்டி சேலத்திலிருந்து டிரைலரில் தொப்பூர் கணவாய் ஏறி வந்தது. முதல் வேலை இண்டூர் பக்கம் ஓர் ஏரியில் வண்டல் எடுப்பது. தாசில்தார் அனுமதி இருந்தாலே விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2024இல் ஆன பிறகு இந்த வேலை நிறைய வருகிறது. மண் இலவசம், வண்டிக்கு வாடகை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்ததில் மூன்று வருடத்தில் நான் பணக்காரன்.

கணக்கில் இடித்தது டீசல். மணிக்குப் பதிமூன்று லிட்டர் குடிக்கும் வண்டி, ராத்திரி முழுக்க ஏரிக்குள் அநாதையாக நிற்கிறது. "ஆப்பரேட்டரை நம்பாதீங்க சார், கேன் கேனா போயிடும்" என்று அதே டீக்கடை சொன்னது. வெல்டிங் பட்டறைக்குப் போய், டாங்குக்குப் புது மூடி செய்து, கொக்கி வைத்து, பூட்டும் போட்டேன். பழைய மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதைப் பழுது என்று நினைத்தேன். புது மூடியில் அந்தக் குறை வராமல் பார்த்துக்கொண்டதோடு, அடியில் லாரி டியூப் ரப்பரை வெட்டி வாஷர் வேறு கொடுத்தேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்.

மறுநாளே வண்டி நின்றது. டாங்கை நிரப்பி முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். இன்ஜின் ஏறி இறங்கி, இருமி, அணைந்துவிட்டதாம். கால் மணி கழித்துத் தட்டினால் ஸ்டார்ட் ஆகி, கொஞ்சம் ஓடி, மறுபடி அணைகிறதாம். "மூச்சு முட்டி நிக்குது சார்" என்றார் ஆப்பரேட்டர் போனில். கிளம்பிப் போனேன். போனதும் முதல் காரியமாகப் பூட்டைத் திறந்து, டீசல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்தேன். மூடியைத் திருகும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம். சோடா பாட்டில் மாதிரி ஏதோ டீசல் கேஸ் என்று விட்டுவிட்டேன். பிறகு வண்டியைத் தட்டச் சொன்னேன். ஒரே தட்டு. ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், குறையில்லாமல் ஓடியது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், போன்.

எட்டு நாள் இப்படியே. நான் இருந்தால் ஓடும், நகர்ந்தால் நிற்கும். இதிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர் எந்த முடிவுக்கு வருவார்? ஆப்பரேட்டர் பொய் சொல்கிறார். ஓடிய மணிக்குத்தான் அவருக்குப் பேட்டா, வண்டி நின்றால் அவருக்கும் நஷ்டம் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாளே அவர், "சார், அந்த மூடியைக் கொஞ்சம் லூசா விட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். திருடன் தானாக வாய் விட்டான் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

நடுவில் வைத்தியம் நடந்தது. டீசல் பில்டர் இரண்டையும் மாற்றினேன். வாட்டர் செப்பரேட்டரில் தண்ணீர் இல்லை, இருந்தாலும் மாற்றினேன். பீட் பம்ப் புதிது. இன்ஜினை நிறுத்தும் சோலனாய்டு புதிது. பேட்டரி எர்த் கம்பி புதிது. பெரிய பம்ப்பைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்பி செட் பண்ணி வாங்கினேன். நாலு எலுமிச்சம்பழம், செயினுக்கு அடியில். டாங்க் நிறைந்த அன்று சீக்கிரம் நிற்கிறது, பாதிக்குக் கீழே போன அன்று நாள் முழுக்க ஓடுகிறது என்பதையும் நோட்டில் எழுதிவைத்தேன். துப்பு கையிலேயே இருந்தது. புது டீசலில் கலப்படம் என்று தீர்ப்பு எழுதி, பங்க்கை மாற்றினேன்.

ஐந்தாம் நாள் அரூரில் ஒரு கல்யாணம். சாவி என்னோடு போய்விட்டது. டீசல் ஊற்ற வழியில்லாமல் ஆப்பரேட்டர் பூட்டை உடைத்து, டாங்க் வாயில் துணி கட்டி ஓட்டியிருக்கிறார். அன்று காலை முதல் இருட்டும்வரை வண்டி நிற்கவே இல்லை. முகூர்த்த நாள் என்று நினைத்தேன். மறுநாள் புதுப் பூட்டு.

கடைசியில் தருமபுரியிலிருந்து ஒரு மெக்கானிக் பெரியவரை அழைத்து வந்தேன். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சாவியைத் திருப்பின மாதிரி பட்டுனு நிக்குதா, திணறி நிக்குதா?" பட்டென்று நின்றால் ஒயரிங், ரிலே, சோலனாய்டு, திணறி நின்றால் டீசல் வருகிற பாதை. முதல் நாள் போனிலேயே எனக்கு வந்த பதில் அது. நான் அதற்குப் பிறகுதான் சோலனாய்டு வாங்கினேன்.

பெரியவர் ஒரு கேனில் டீசல் பிடித்து, உறிஞ்சும் குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் டாங்கிலிருந்து கழற்றி அதற்குள் விட்டார். வண்டி ஒரு மணி நேரம் ஓடியது. "இன்ஜினில் ஒண்ணும் இல்லை, டாங்க் பக்கம்தான் கோளாறு" என்றார். டாங்குக்குள் துணியோ பிளாஸ்டிக் தாளோ கிடந்து குழாய் வாயில் ஒட்டிக்கொள்வது பழைய வண்டிகளில் சகஜமாம். ஒட்டினால் நிற்கும், விழுந்தால் ஓடும். அதைத் தேடலாம் என்று குழாய்களைத் திருப்பி மாட்டி, நிற்கும்வரை ஓட்டச் சொன்னார். நின்றது. மூடியை நான் திறந்தேன். உஸ்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, காத்து வெளியே வருதா, உள்ளே போகுதா?"

துணி தேட வேண்டியிருக்கவில்லை. மணிக்குப் பதிமூன்று லிட்டர் டீசல் வெளியே போனால் பதிமூன்று லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். நான் விடவில்லை. நிறைந்த டாங்கில் காற்றுக்கு இருக்கும் இடம் கொஞ்சம். அது சீக்கிரம் நீர்த்துப்போய், பம்ப் உறிஞ்ச முடியாமல் திணறும். பாதி டாங்கில் காற்று நிறைய, நாள் முழுக்கத் தாங்கும். வண்டி நின்ற பிறகு வாஷர் இடுக்கில் மெல்லக் கசிந்த காற்றில் கால் மணியில் உயிர் வரும். நான் போய்த் திருட்டைக் கண்டுபிடிக்கத் திறக்கும்போது ஒரே மூச்சில் உயிர் வரும். 1650களில் ஜெர்மனியில் ஒட்டோ வான் குவெரிக் இரண்டு அரைக்கோளங்களை ஒட்டிவைத்து உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, குதிரைகளை விட்டு இழுக்க வைத்த கதையை எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்!

பெரியவர் மூடியில் ஓட்டை போட்டார். கூலி வாங்க மாட்டேன் என்றார். அதுதான் அதிகம் வலித்தது. மாற்றிய பாகங்களின் பில் எல்லாம் சேர்ந்து எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

ஆப்பரேட்டர் சிரிக்கவில்லை. வண்டி நின்ற மணிகளுக்கும் பேட்டா கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். மன்னிப்பும் கேட்டு, மொத்தத்தையும் கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உடைத்த பூட்டுக்கு 180 ரூபாய் பிடித்துக்கொண்டதைச் சொல்லவில்லை.