நேரத்தை மிச்சம் பிடிக்கும் பேராண்டிக்கு

வேளச்சேரியிலேருந்து தரமணிக்கு சைக்கிள்ல போனா நேரம் வீணாப் போகும்னு சொல்லுத. சரிதாம்ல பேராண்டி, கார்லயே போ. பெரிய உத்தியோகம் பாக்கிறவன் வேர்க்க விறுவிறுக்கப் போய் நிக்கலாமா?

ஆனா கணக்குன்னா முழுசாப் போடணும். ஆறு கிலோமீட்டர்னு வச்சுக்க. மெனக்கெடாம மிதிச்சாலே மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடும்; 25 நிமிசத்துல போயிரலாம். காரு கால் மணி நேரத்துல போகும்ங்குத. போகும், ராத்திரி ரெண்டு மணிக்கு. காலம்பற ஒம்பது மணிக்குச் சிக்னல்ல பச்சை விழுந்து, சிவப்பாகி, மறுபடியும் பச்சை விழுந்தாலும் வண்டி நகருதா? ஆபீசுக்கு வந்த பிறகும் பார்க்கிங்ல இடம் தேடிச் சுத்திச் சுத்தி இறங்குத. கோயில் பிரகாரத்தச் சுத்தினாலாவது புண்ணியம் உண்டு.

இவான் இல்லிச்னு ஒருத்தர், பாதிரியாரா இருந்த மனுசன், 1974-லயே இந்தக் கணக்க எழுதி வச்சிட்டாரு. அமெரிக்காக்காரன் கார்ல உக்காந்திருக்கிற நேரம், அதுக்குத் தவணையும் இன்சூரன்சும் பெட்ரோலும் கட்ட உழைக்கிற நேரம், எல்லாத்தையும் கூட்டினா வருசத்துக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல. அவ்வளவுக்கும் அவன் போற தூரம் 7,500 மைல். வகுத்துப் பாரு, மணிக்கு 5 மைல்கூடத் தேறல. சாயங்காலம் தொந்தி கரைக்க ஜிம்முக்கு ஓடுற நேரத்த அவரு சேக்கல. பாவம், உன்னைப் பாத்ததில்லைலா.

சைக்கிள் மட்டும் யோக்கியமான்னு கேப்ப. சித்திரை வெயில்ல போய் இறங்கினா, மூஞ்சி கழுவி, சட்டை மாத்தி மனுசனாக பத்து நிமிசம் வேணும். ஆணி ஏறிட்டா அவ்வளவுதான். டியூப உருவி, தண்ணிச் சட்டியில அமுக்கி, குமிழி வர்ற எடத்தக் கண்டுபிடிச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டணும். அரை மணி நேரம் கோவிந்தா. ஐப்பசி மழைக்கு ரோட்டுல முழங்கால் தண்ணி நின்னா அன்னைக்குப் பறக்கும் ரயில்ல ஏறிக்க. ஆபீச தூரத்துல இருக்கிற சிறுசேரிக்கு மாத்திட்டாம்னா சைக்கிள் பேச்சே எடுக்காத. கம்பெனி பஸ்ல ஏறித் தூங்கு.

காருக்கு ஏழு வருசத் தவணைன்னுதான சொன்ன? அதனால என்ன, கவர் போட்டு மூடி வை. தூசி தட்டுறதுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமைய ஒதுக்கிக்க.