ராகம் சொல்லும் பெரியப்பா

திரைப்பாட்டு ஒன்று காதில் விழுந்ததும், எந்தப் படம், யார் பாடியது, கேட்க நன்றாக இருக்கிறதா என்பதற்கெல்லாம் முன்பாக அதன் ராகத்தைச் சொல்லிவிடுகிறவர்தான் ராகம் சொல்லும் பெரியப்பா. இது உறவு அல்ல, பதவி. மாமா, சித்தப்பா, மாடி வீட்டு சார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என்று யார் வேண்டுமானாலும் இதை வகிக்கலாம். பெண்களில் இவ்வகையினர் அரிது. ராகம் தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் அவர்கள் பாடிவிடுகிறார்கள், பெயர் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

இவரைக் காண ஏற்ற இடம் கல்யாண வரவேற்பு. மேடையில் மெல்லிசைக் குழு ‘கண்கள் இரண்டால்’ பாட்டை எடுக்கும். கீபோர்டுக்காரர் நாலு ஸ்வரம்கூட வாசித்திருக்க மாட்டார், மூன்றாவது வரிசையிலிருந்து “ரீதிகௌளை!” என்று ஒரு குரல் கிளம்பும். பக்கத்து நாற்காலியில் மொய்க்கவரின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்த்தால் தீர்ந்தது. “இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான், தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வம்சாவளி தொடங்கும். இந்தப் பாட்டு 2008இல் ‘சுப்ரமணியபுரம்’ படத்துக்கு ஜேம்ஸ் வசந்தன் போட்டது. அண்ணன், 1999இல் ‘முதல்வன்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தந்த ‘அழகான ராட்சசியே’. அப்பா, 1977இல் ‘கவிக்குயில்’ படத்துக்காக இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’. கொள்ளுத்தாத்தா, சுப்பராய சாஸ்திரியின் ‘ஜனனி நின்னுவினா’ கிருதி. தலைமுறைகளைச் சொல்லி முடிக்கும்போது மேடையில் பாட்டும் முடிந்திருக்கும். மொய்க்கவரில் கொடுப்பவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரீதிகௌளை என்று எழுதப்பட்டுவிடும் அபாயமும் உண்டு.

சொல்லும் தகவல் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அவர் சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருப்பதுதான் இந்த வகையைச் சமாளிப்பதில் உள்ள முதல் சிரமம்.

பிடித்த பாட்டைப் பிறருக்குக் கொடுப்பதில் பெரியப்பாவுக்கு நீண்ட அனுபவம். கேசட் காலத்தில், கடைக்குப் போய்ப் பாட்டுப் பட்டியல் கொடுத்து, அறுபது நிமிட நாடாவில் பதிவுசெய்து வாங்கி, ஊருக்குப் போகிற உறவினர் கையில் திணித்தவர் அவர். பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே ராகமும் எழுதியிருப்பார். கல்யாணிக்குப் பின் சாருகேசி, அதன்பின் சண்முகப்ரியா என்று ஓர் ஒழுங்கும் வைத்திருப்பார். கடைக்காரர் தம் வசதிப்படி வரிசையைக் கலைத்து, இடம் மிஞ்சிய மூன்று நிமிடத்தில் ஒரு டிஸ்கோ பாட்டையும் சேர்த்துத் தருவார். கேசட் பெற்றவருக்கு அந்த டிஸ்கோ பாட்டுதான் பிடித்துப்போகும். இப்போது அந்த வேலை வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கு மாறியிருக்கிறது. அதிகாலை ஐந்தரை மணிக்கு ஒரு இணைப்பு வரும்; கீழே “ராகம் என்ன? விடை மாலை ஆறு மணிக்கு” என்று ஒரு வரி. குழுவில் உள்ளவர்கள் கைகூப்பும் படத்தை அனுப்புவார்கள். துபாயில் இருக்கும் மருமகன் கட்டைவிரலை உயர்த்துவான். இவை எதுவும் ராகத்தின் பெயர் இல்லையாதலால் பெரியப்பா அவற்றை விடையாக ஏற்பதில்லை.

நேரில் கேட்க வைப்பது இன்னும் கடினமான முறை. காதுக்கருவியின் ஒரு முனையை எதிராளியின் காதில் தாமே செருகுவார். பாட்டு தொடங்கிப் பத்து விநாடியில் நிறுத்துவார். “இங்க பாரு, இந்த நிஷாதத்தைக் கவனி.” மறுபடி முதலிலிருந்து. மறுபடி நிறுத்தம். “இப்ப புரியுதா?” கேட்பவர் புரிகிறது என்று தலையாட்டினால் “எங்க, சொல்லு பார்ப்போம்” என்பார், புரியவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. அந்த நிஷாதத்தை ஏழு தடவை கேட்டு, பாட்டின் சரணத்தை ஒரு தடவைகூடக் கேட்காத உறவினர்கள் அவருடைய சுற்றத்தில் கணிசமாக உண்டு.

பெரியப்பாவின் கொள்கை எளிமையானது: கர்நாடக இசை மூலம், சினிமா அதன் நகல், மூலத்தை அறியாமல் நகலை ரசிப்பது அரைகுறை ரசனை. இந்தக் கொள்கைக்கும் அவர் வாழ்க்கைக்கும் தொடர்பு மிகக் குறைவு. அவர் ராகங்களைக் கற்றது சினிமாவிலிருந்துதான். ஒவ்வொரு ராகத்துக்கும் அவர் மனத்தில் ஒரு பாட்டு காவல் நிற்கிறது. சாருகேசி என்றால் ‘ஹரிதாஸ்’ படத்தின் ‘மன்மத லீலை’. 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம் அது. சண்முகப்ரியா என்றால் ‘தில்லானா மோகனாம்பா’ளில் பி. சுசீலா பாடிய ‘மறைந்திருந்தே’. கௌரிமனோகரி என்றால் ‘திருவிளையாட’லில் டி.எம். சௌந்தரராஜனின் ‘பாட்டும் நானே’. மார்கழியில் சபாவுக்குப் போய் உட்கார்ந்ததும், பாடகர் ஆலாபனை தொடங்கிய கணத்தில் பெரியப்பாவின் உதடு அசையத் தொடங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் அதை மந்திர ஜபம் என்று எண்ணுவதுண்டு. உற்றுக் கேட்டால், சண்முகப்ரியா ஆலாபனையின் அடியில் பத்மினியும் சிவாஜியும் போய்க்கொண்டிருப்பார்கள்.

‘திருவிளையாடல்’ (1965) அவருக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த படம். பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒரு நாள் போதுமா’ ராகமாலிகையில் ராகங்களின் பெயர்கள் சாகித்தியத்திலேயே கோத்து வைக்கப்பட்டிருப்பதால், தோடி வரும் இடத்தில் தோடி என்றும் மோகனம் வரும் இடத்தில் மோகனம் என்றும் அச்சமில்லாமல் சொல்லலாம். திரையில் அதைப் பாடுவது ஹேமநாத பாகவதர். தம் வித்தையை நாடெங்கும் அறிவித்துக்கொண்டு வந்து இறங்கும் அந்தப் பாத்திரம் பிற்பாடு என்ன கதியடைகிறது என்பதைப் பெரியப்பா பலமுறை பார்த்திருக்கிறார். தமக்குத் தொடர்பில்லாத விஷயமாகவே பார்த்திருக்கிறார்.

சினிமா சாஸ்திரிய இசையை மாற்றுகிறது என்று அவர் சொல்வது உண்மைதான். எப்படி மாற்றுகிறது என்பதில்தான் அவர் கவனம் போதாது. முதல் மாற்றம் நேரம். சபாவில் அரைமணி விரியும் ராகம், படத்தில் ஒரு முணுமுணுப்பாக வந்து பல்லவிக்கு வழிவிட வேண்டும். இந்தக் கத்தரிக்கோலைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்போலத்தான் ஓடும் பழைய கிராமபோன் தட்டுகளிலேயே பெரிய வித்துவான்கள் கிருதிகளைச் சுருக்கிப் பாடிக் கொடுத்தார்கள். அடுத்தது வாத்தியம். தம்புராவின் ஒரே சுருதியில் வளைந்து நெளிந்து போன ஸ்வரத்துக்கு அடியில் வயலின் கூட்டமும் கிட்டாரும் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும்போது, கமகத்தின் அசைவு சற்றுக் குறைக்கப்படுகிறது. ராகத்தில் இல்லாத ஸ்வரமும் உள்ளே வந்துவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்துக்கு உதாரணம் ‘சிந்து பைரவி’ (1985). தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ காம்போஜி ராகக் கிருதி. கே. பாலசந்தர் படத்தின் கச்சேரிக் காட்சியில் சிந்து என்ற பெண் ஒரு நாட்டுப்பாட்டைத் தொடங்கி, அதை அந்தக் கிருதியில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஓட்டமாக இருந்தால்தான் நாட்டுப்பாட்டும் கிருதியும் ஒன்றே என்ற அவளுடைய வாதம் நிற்கும். வழியில் ராகம் மாறினால் வாதம் விழுந்துவிடும். இளையராஜா கிருதியின் சாகித்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு இசையைச் சாரமதிக்கு மாற்றினார். ‘பாடறியேன்’ பாட்டுக்காகச் சித்ராவுக்கும், படத்தின் இசைக்காக இளையராஜாவுக்கும் தேசிய விருது கிடைத்தது. பெரியப்பா அப்போது இளைஞர். காம்போஜியைக் கொன்றுவிட்டார்கள் என்று அலுவலக கேன்டீனில் ஒரு வாரம் வருத்தமாக இருந்தார். இன்று சபாவில் யாராவது தியாகராஜரின் ‘மோக்ஷமு கலதா’ எடுத்தால், முதல் ஆளாகச் சாரமதி என்று சொல்லுபவரும் அவர்தான். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், “கேள்வி ஞானம்” என்பார். அது பொய்யில்லை. எங்கே கேட்டது என்பதை மட்டும் சொல்வதில்லை.

அவருடைய கொள்கையைத் தலைகீழாகத் திருப்பும் பாட்டு ஒன்று உண்டு. பாரதியின் ‘சின்னஞ்சிறு கிளியே’. கண்ணன் பாட்டில் இதற்குப் பைரவி ராகம் என்று பாரதியே குறித்திருக்கிறார். மாதிரிக்கு ஸ்வர வரிசையும் கொடுத்து, பாடுபவர் தம் மனோபாவத்துக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம் என்ற அனுமதியும் தந்திருக்கிறார். 1951இல் ‘மணமகள்’ படத்துக்கு சி.ஆர். சுப்பராமன் அந்த அனுமதியைத் தாராளமாகப் பயன்படுத்தி, காபியில் தொடங்கும் ராகமாலிகையாக அதைப் போட்டார். எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். அதன்பின் கச்சேரி மேடைக்கு ஏறியது பைரவி அல்ல, சினிமா மெட்டுதான். இன்று கச்சேரியின் பிற்பகுதியில் அந்த ராகமாலிகை வரும்போது, சினிமா வாடை படாத சுத்த சங்கீதம் என்று கண்ணை மூடிக் கேட்பவர்களில் பெரியப்பாவும் ஒருவர். கல்கி எழுத, எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைக்க, எம்.எஸ். சுப்புலட்சுமி ‘மீரா’ (1945) படத்தில் பாடிய ‘காற்றினிலே வரும் கீத’மும் அப்படி மேடைக்குப் போன பாட்டுதான். கடன் இரு பக்கமும் இருக்கிறது. சபாவில் அதைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று கருதப்படுகிறது.

பெரியப்பா சில வேளை தவறுவதும் உண்டு. அதற்கு அவரிடம் மூன்று அடுக்குத் தற்காப்பு இருக்கிறது. “சாயல்தான் சொன்னேன், ராகமே அதுன்னு சொல்லலியே” என்பது முதல் அடுக்கு. அதைத் தாண்டி வந்தால், இசையமைப்பாளர் அந்நிய ஸ்வரம் சேர்த்துவிட்டார் என்று பழி அங்கே போகும். கடைசி ஆயுதம் கிரஹபேதம். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் ஆதார ஷட்ஜத்தை இடம் மாற்றி வைத்தால் மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி ஆகிய நான்கும் கிடைக்கும் என்பது இசை இலக்கணம். ஆகவே இந்த ஐந்தில் எதைச் சொல்லிவிட்டு எது வந்தாலும், “ஷட்ஜத்தை எங்க வெச்சுப் பார்க்கறேங்கறதைப் பொறுத்திருக்கு” என்று எழுந்து போய்விடலாம். வடக்கத்திப் பெயர்கள் உபரிக் காப்பீடு. கல்யாணி இல்லை என்றால் யமன். ஹிந்தோளம் இல்லை என்றால் மால்கௌன்ஸ். அமிர்தவர்ஷினிக்கு மட்டும் அவர் எந்தக் காப்பீடும் தேடுவதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் அதைப் பாடி மழை வரவழைத்த கதையில் அவருக்கு அசையாத நம்பிக்கை. தொலைக்காட்சியில் ‘அக்னி நட்சத்திர’த்தின் ‘தூங்காத விழிகள்’ ஓடினால், கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பார். வேடிக்கைக்குத்தான். ஆனாலும் ஒரு முறை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

இவரைத் தடுக்கும் வல்லமை உலகில் ஒருவருக்குத்தான் உண்டு: இன்னொரு ராகம் சொல்லும் பெரியப்பாவுக்கு. மணமகன் வீட்டில் ஒருவரும் மணமகள் வீட்டில் ஒருவரும் அமைந்துவிட்ட கல்யாணங்களில் இந்தச் சந்திப்பு பந்தியில் நிகழ்கிறது. நாதஸ்வரக்காரர் ‘கொஞ்சும் சலங்கை’ (1962) பாட்டான ‘சிங்கார வேலனே’ வாசிப்பார். எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் போட்டி போட்ட அந்தப் பாட்டு இல்லாமல் கல்யாண மேளம் நிறைவதில்லை. முதல்வர் “ஆபேரி” என்பார். இரண்டாமவர் அப்பளத்தை நொறுக்கியபடி, “அப்படித்தான் எல்லாரும் சொல்றா” என்பார். போர் தொடங்கிவிட்டது. தீட்சிதர் மரபில் ஆபேரிக்குச் சுத்த தைவதம். இன்று பாடப்படும் ஆபேரியில் சதுச்ருதி தைவதம். அப்படியானால் இது பழைய கர்நாடக தேவகாந்தாரி அல்லவா என்பது இரண்டாமவர் கட்சி. முதல்வர் தியாகராஜரின் ‘நகுமோமு’வை இறக்குவார், அதை ஊரறியச் செய்த முசிறி சுப்பிரமணிய ஐயரின் கிராமபோன் தட்டைத் துணைக்கு அழைப்பார். இரண்டாமவர் பீம்பளாசியை அனுப்புவார். ரசம் வந்து போகும். பாயசம் இலையில் ஊற்றப்பட்டு, தொடப்படாமல் ஆறும். அடுத்த பந்திக்காக நாற்காலிகளுக்குப் பின்னால் ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள்.

“தைவதமே இல்லைங்கறேன்!” என்று இலையைத் தட்டி ஒருவர் சொல்லும் நேரத்தில், சாப்பாடு எப்படி என்று விசாரித்துக்கொண்டு வரும் பெண்ணின் தகப்பனார் பதறிப்போவார்.

“எது இல்லை? இதோ, உடனே கொண்டுவரச் சொல்றேன்.”