கெபிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சட்டை

சவுத் பெண்ட், இந்தியானா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"பாதிரியார் காலேஜில் பணம் சும்மா கொடுக்க மாட்டான். ஆறே மாசத்தில் உன்னை அந்தோணி ஆக்கிவிடுவான்" என்று சொல்லி விமானம் ஏற்றினீர்கள். அந்தோணி இன்னும் பிறக்கவில்லை. கவலை வேண்டாம்.

ஆனால் நான் படிக்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சாமிக்குப் பஞ்சமில்லை. 1842-இல் எட்வர்டு சோரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தொடங்கிய இடம். தலைமைக் கட்டடத்துத் தங்கக் கோபுரத்தின் உச்சியில் மாதா. லூர்து மாதாவின் குகையை, அதாவது கெபியை, மாதிரியாக வைத்து 1896-இல் கட்டிய கெபி வேறு. ஒவ்வொரு விடுதிக்குள்ளும் ஒரு சிற்றாலயம். நூலகச் சுவரில் 134 அடி உயரச் சித்திரம்; அதில் இரு கைகளையும் தூக்கி நிற்கும் ஏசு. எதிரே அமெரிக்கக் கால்பந்து மைதானம். அங்கே டச்டவுன் என்னும் புள்ளி விழுந்தால் நடுவர் காட்டும் சைகையும் அதேதான். ஆகவே ஊரே அவரை 'டச்டவுன் ஜீசஸ்' என்கிறது. யாரும் மனம் புண்பட்டு வழக்குப் போடவில்லை.

விபூதிப் புதனன்று வேதியியல் பேராசிரியர் முதல் காவலாளி வரை நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார்கள். விபூதி விளைகிற நாட்டிலிருந்து வந்த நான் ஒருவன்தான் வெறும் நெற்றி. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மெஸ்ஸில் கறி கிடையாது, மீன்தான். சித்தியிடம் சொல்லுங்கள்: வெள்ளிக்கிழமை கவிச்சி விஷயத்தில் வாடிகன் அவர் பக்கம், மீன் நீங்கலாக.

பரீட்சைக்கு முந்தின இரவு கெபியில் மெழுகுவத்திக் கூட்டம். என் அறைத்தோழன் எனக்கும் சேர்த்து ஒன்று ஏற்றிவிட்டு வந்தான். அவனுக்கு சி, எனக்கு பி பிளஸ். இதை நீங்கள் உங்கள் பகுத்தறிவு மேடையில் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பூசைக்கு வா என்று இதுவரை யாரும் என்னை இழுக்கவில்லை. இழுத்தது வகுப்பில்தான். இறையியலில் இரண்டு பாடம் எல்லாருக்கும் கட்டாயம். பொறியியல்காரனுக்கும் விலக்கு இல்லை. அங்கே 13-ஆம் நூற்றாண்டுத் துறவி தாமஸ் அக்வினாஸைப் படித்தோம். மனிதர் கடவுள் உண்டு என்று நிறுவப் புறப்படுகிறார். ஆனால் எடுத்த எடுப்பில் எழுதுவது கடவுள் இல்லை என்பவன் கட்சியை! உலகில் இத்தனை தீமை இருக்கிறதே என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் இயற்கையும் மனித அறிவுமே காரணம் சொல்லிவிடும்போது கடவுள் எதற்கு என்பது இரண்டு. சித்தப்பா, இரண்டுமே நீங்கள் ஈரோட்டில் பேசுகிறவை. அதன் பிறகுதான் தன்னுடைய ஐந்து வாதங்களுக்கு வருகிறார்.

"நான் நம்பவில்லை" என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியரான பாதர் மதிப்பெண்ணே போடாமல் திருப்பித் தந்தார். "நம்பாமல் இருப்பது உன் உரிமை. காரணம் எழுதாமல் இருப்பது சோம்பேறித்தனம். ஐந்து வாதங்களில் எது, எங்கே உடைகிறது என்று எழுதி வா" என்றார். நம் வீட்டில் சாமி இல்லை என்பது சாப்பாட்டோடு வந்த சங்கதி. ஏன் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டது ஒரு பாதிரியார்.

அடுத்த கட்டுரைக்கு எங்கள் ஊர் நாத்திகர் ஒருவரைப் பற்றி எழுதட்டுமா என்றேன். "மூல நூலிலிருந்து மேற்கோள் வேண்டும், நீயே மொழிபெயர்" என்றுவிட்டார். ஆகவே உங்கள் அலமாரியிலுள்ள பெரியார் நூல்களில் கடவுள் பற்றியவற்றைப் பார்சலில் அனுப்புங்கள். பென்சிலால் ஓரத்தில் நீங்கள் திட்டி எழுதியிருப்பதை மட்டும் அழித்துவிடுங்கள். பாதர் அதையும் மொழிபெயர்க்கச் சொல்வார்.

இப்படிக்கு,
இன்னும் பழைய பெயரிலேயே இருக்கும்
உங்கள் மகன்