குண்டு கேட்பது உயரம்

கேள்வி: பிறந்தநாளுக்குக் கிராவிட்ராக்ஸ் (தடம் கட்டி உலோகக் குண்டு உருட்டும் விளையாட்டு) ஆரம்ப செட் வாங்கித் தந்தோம். அதற்குள் "எக்ஸ்டென்ஷன் வேணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் மகன். முதலில் எதை வாங்குவது?

பதில்: அட்டைப்பெட்டியில் எது அதிகமாக மின்னுகிறதோ, அதைக் கடைசியில் வாங்குங்கள். ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 2017-இல் இதைக் கடைக்குக் கொண்டுவந்ததிலிருந்து பீரங்கி, லூப், சுத்தியல், டிராம்போலின் என்று துணைப்பெட்டிகள் வந்தபடியே இருக்கின்றன. அவற்றில் பல குண்டின் வேகத்தைத் தின்பவை. அந்த வேகம் உயரத்திலிருந்து வருகிறது. ஆகவே முதலில் உயரக் கட்டைகளும் சாதாரணத் தடங்களும். வித்தைத் துண்டு இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். உயரம் தீர்ந்தால் குண்டு படுத்துவிடும்.

கேள்வி: தாமதமாகச் சொல்கிறீர்கள். லூப் வாங்கியாயிற்று. குண்டு பாதி ஏறி, மனம் மாறிக் கீழே விழுகிறது. பழுதா?

பதில்: பழுதல்ல, பற்றாக்குறை. தடத்தை விட்டு விலகாமல் உச்சியைக் கடக்க வேண்டுமானால், லூப் வட்டத்தின் அடியிலிருந்து அதன் ஆரத்தைப் போல 2.7 மடங்கு உயரத்திலாவது குண்டை விட வேண்டும். ஆரம் 5 செ.மீ என்றால் 13.5 செ.மீ. உருளாமல் வழுக்கிப் போகும் பொருளுக்கு 2.5 மடங்கே போதும். உருளும் குண்டோ தன் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கைத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவே செலவழிக்கிறது. சம்பளத்தில் பிடித்தம் போக மீதிதானே கைக்கு வரும்? இந்தக் கணக்கில் உராய்வைச் சேர்க்கவில்லை. அதற்கும் சேர்த்து இன்னும் ஓரிரு கட்டை ஏற்றுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் குண்டு ஒவ்வொரு வளைவிலும் பறந்துபோகிறது.

பதில்: வளைவுக்கு முன்னால் சரிவைக் குறையுங்கள். மிச்சமாகும் உயரத்தை மேலே கேட்டவருக்கு அனுப்பிவையுங்கள்.

கேள்வி: காந்தப் பீரங்கிக்குள் மெல்லப் போகும் குண்டு, மறுபக்கம் பாய்ந்து வருகிறது. இது இலவச ஆற்றல்தானே?

பதில்: மின்வாரியத்துக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள். உள்ளே வரும் குண்டைக் காந்தம் சுண்டி இழுக்கிறது. அது மோதும் அடி, வரிசையாக நிற்கும் குண்டுகளின் வழியே போய்க் கடைசிக் குண்டை எத்திவிடுகிறது. காந்தத்தை விட்டுத் தள்ளி நிற்பதால் அந்தக் கடைசிக் குண்டைப் பிடித்துவைக்கும் இழுப்பு குறைவு, லாபம் அங்கேதான். ஆனால் மறுமுறை சுட வேண்டுமானால், காந்தத்தில் ஒட்டியதைப் பிய்த்து எடுக்க வேண்டும். அந்தக் கடனை அடைப்பது உங்கள் விரல்.

கேள்வி: உலோகக் குண்டெல்லாம் சோபாவுக்கு அடியில் குடிபோய்விட்டன. வீட்டிலிருக்கும் கோலிக்குண்டைப் போடலாமா?

பதில்: கோலி சுமார் 16 மி.மீ, இந்தக் குண்டு 12.7 மி.மீ. போகிற வழியில் சிக்கிக்கொள்ளும். கண்ணாடியைக் காந்தம் திரும்பியும் பார்க்காது. கோலிக்குத் தனித்தடம் போட்டுக் கொடுங்கள். ஏசி குழாயைச் சுற்றும் கருப்பு ஃபோம் உறையை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தால், ஒன்றுக்கு இரண்டு தடம். நாற்காலி முதுகிலிருந்து தரைக்கு டேப் போட்டு ஒட்டலாம், வளைக்கலாம், லூப்பும் சுற்றலாம். பிறகு சோபாவையும் நகர்த்திப் பாருங்கள்.

கேள்வி: நேர்ச்சரிவில் விட்டால்தானே குண்டு சீக்கிரம் போய்ச்சேரும்?

பதில்: அது குறுகிய வழி; விரைவு வழி வேறு. 1696-இல் யோஹான் பெர்னூலி ஐரோப்பியக் கணிதர்களுக்கு விட்ட சவாலே இதுதான். தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கிப் பிறகு தணியும் சைக்ளாய்டு என்ற வளைவுதான் விடை. முதலிலேயே வேகம் சேர்ந்துவிடுவதால் சுற்றுவழியும் முந்திக்கொள்கிறது. சரியான விடை எழுதியவர்களில் ஒருவர் நியூட்டன். பெயர் வெளியிட விரும்பாத வாசகர். ஃபோம் குழாயில் நேர்த்தடம் ஒன்று, வளைதடம் ஒன்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு, உங்கள் வீட்டு அவசரக்காரரைப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தம்பிக்கு 2 வயது. அவனையும் ஆட்டத்தில் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. இதில் வேடிக்கைப் பதில் கிடையாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பந்து 44.4 மி.மீ வளையத்துக்குள் புகுந்து போகக் கூடாது என்பது அமெரிக்க விதி. இந்தக் குண்டு எவ்வளவு என்று மேலே பார்த்தீர்கள். ஆட்டம் முடிந்ததும் குண்டுகளை எண்ணி, கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: விருந்தாளிகளுக்குக் காட்டலாம் என்று அழகாகக் கட்டிவைத்தேன். மறுநாளே பிரித்துப்போட்டுவிட்டாள் மகள். பசை போட்டு ஒட்டிவிடலாமா?

பதில்: அவள் செய்ததுதான் காசில்லாத எக்ஸ்டென்ஷன். அவளிடம் இப்போது பெட்டி நிறையப் புதுத் துண்டுகள். ஒட்டினால் உங்களிடம் இருக்கப்போவது ஒரே ஒரு காட்சிப்பொருள். வாராவாரம் தூசி தட்டவும் வேண்டும்.